இரவு எரிந்த விளக்கு

மாகறலில் என் சிற்றப்பா மகன் வீட்டுப் பூஜை அலமாரியில், விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில், ஒரு மாத்திரை அட்டை மூன்று நாளாகப் பிரிக்கப்படாமல் கிடந்தது. அவனுடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளிக்கூட பஸ் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் போதும். உள்ளங்கை சில்லிட்டு, நெஞ்சு படபடத்து, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். நான்கு மாதமாக இதே கதை. டாக்டர் ஒருவர் ஐந்து நிமிஷத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"பதினேழு வயசுப் பெண்ணுக்கு மூளைக்கு மாத்திரையா, அண்ணா? பழகிப்போய்விட்டால் என்ன செய்வது?" என்றான் தம்பி.

"சம்பந்தர் பாடிய ஊர் இது. திருமாகறலீசர் சந்நிதியில் பதிகம் சொன்னால் தீராத வினை உண்டா?" என்றாள் சித்தி.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு மனசைப் பற்றி எல்லாம் தெரியும் என்று உலகத்தில் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. எனக்கு வைத்தியம் தெரியாது. பழைய கல்வெட்டுச் சமாசாரம் கொஞ்சம் தெரியும். அதைச் சொன்னேன்.

மாகறலைத் தொட்டுக்கொண்டு ஓடும் செய்யாறு, திருமுக்கூடலுக்குப் போய்ப் பாலாற்றில் கலக்கிறது. அங்கே பெருமாள் கோயில் சுவரில், 1060-களில் பொறித்த வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து ஒரு வேதப் பாடசாலை. அதன் மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமாக 'வீரசோழன்' என்ற ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி. படுக்கை 15. வைத்தியர் ஒருவர், ரண சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். படுத்திருப்பவருக்கு நாளொன்றுக்கு நாழி அரிசி.

சேமித்து வைத்த மருந்துகளின் பட்டியலும் இருக்கிறது. அதில் ஒன்று 'புராண கிருதம்', பழைய நெய். உன்மாதத்துக்குச் சரக சம்ஹிதை சொல்லும் மருந்துகளில் இதுவும் உண்டு. பத்து வருஷம் கிடந்து நெடி ஏறினால்தான் அதைப் பழைய நெய் என்றே அந்த நூல் ஒப்புக்கொள்கிறது. நோயாளி வருமுன்பே, வருவான் என்று எதிர்பார்த்துக் காத்திருந்த மருந்து அது!

"உன்மாதம் வேறு, நம் குழந்தையின் பயம் வேறு. நெய்யைக் கொடு என்று நான் சொல்லவில்லை, சித்தி. பெருமாளை நம்பியவர்கள்தாம் கோயிலுக்குள்ளேயே மருந்தையும் வைத்தார்கள். பதிகம் சொல்லுங்கள், அதற்காக மாத்திரையை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை" என்றேன்.

தம்பியின் பயத்துக்கும் சரித்திரம் உண்டு. 1960-ல் லிப்ரியம், 1963-ல் வாலியம் என்று மன அமைதி மாத்திரைகள் உலகமெங்கும் புறப்பட்டன. நெடுநாள் சாப்பிட்டவர்கள் அவற்றை விட முடியாமல் தவித்தது பிறகுதான் தெரிந்தது. அலமாரியில் இருந்த செர்ட்ராலின் அந்த ஜாதி அல்ல. ஆனாலும் நினைத்தபோது நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்த வகை மருந்துகள் இளம் வயதினர் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்று 2004-ல் அமெரிக்க அரசாங்கம் கடுமையாக எச்சரித்தது. முக்கியமாக ஆரம்ப வாரங்களில் கண்காணிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2008-ல் அங்கேயே 7 முதல் 17 வயது வரையுள்ள 488 பேரிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. எல்லோருமே பயத்தால் அவதிப்பட்டவர்கள். 12 வாரத்தில், மருந்தில்லாத வெறும் மாத்திரையால் 100-க்கு 24 பேர் தேறினார்கள். செர்ட்ராலினால் 55 பேர். பயத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சு சிகிச்சையால் 60 பேர். இரண்டும் சேர்ந்தபோது 81 பேர்.

பயம் லேசாக இருந்தால் பேச்சு சிகிச்சையோடு தொடங்கலாம். படிப்பும் சாப்பாடும் தூக்கமும் மாதக்கணக்கில் குலைந்துவிட்டால் மருந்தையும் சேர்க்க யோசிக்கத்தான் வேண்டும். அதை நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. ஐந்து நிமிஷத்திலும் தீர்மானிக்க முடியாது. பொறுமையாகக் கேட்கிற மனநல மருத்துவரிடம், கேள்விகளை எழுதிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. அதுவரை, 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம் என்று சொல்லிவைத்தேன்.

இவ்வளவு நேரமும் பெண் கதவோரத்தில் நின்றிருந்தாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீ என்னம்மா சொல்கிறாய்?"

"மாத்திரைக்குப் பயமில்லை, பெரியப்பா. சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவீர்களோ என்றுதான் பயம்."

திருமுக்கூடல் கல்வெட்டில் மருந்துகளோடு இன்னொரு செலவும் எழுதியிருக்கிறது: ஆதுலர் சாலையில் இரவு எரியும் விளக்கு ஒன்றுக்கு எண்ணெய். மருந்து கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அந்தச் சோழ நாட்டார் நினைக்கவில்லை.

அன்று இரவு தம்பி தன் பாயை மகள் படுத்திருந்த அறை வாசலில் விரித்துக்கொண்டான்.