பட்டப் பறிப்பும் முறையீட்டுரிமையும்

பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் அதனைப் பறிக்கவும் கூடும். அங்ஙனம் பறிக்குங்கால் அது கடைப்பிடிக்க வேண்டிய நெறி யாது? இவ்வினாவுக்கு விடை கண்ட பழைய வழக்குகளுள் தலையாயது கேம்பிரிட்ஜில் எழுந்த பெண்ட்லி வழக்காகும். அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

ரிச்சர்டு பெண்ட்லி கிரேக்க, இலத்தீன் நூல்களின் மூலபாட ஆராய்ச்சியில் பெரும்புகழ் எய்தியவர்; 1700 முதல் டிரினிட்டி கல்லூரித் தலைவர்; 1717-இல் இறையியற் பேராசிரியராகவும் அமர்ந்தார். அவ்வாண்டு முதலாம் ஜார்ஜ் மன்னர் கேம்பிரிட்ஜுக்கு வந்தபொழுது பலர்க்கு இறையியல் டாக்டர் பட்டம் அளிக்கப்பெற்றது. பட்டம் பெறுவார் ஒவ்வொருவரும் தமக்கு நான்கு கினி தரல் வேண்டும் எனப் பெண்ட்லி வற்புறுத்தினார். கானியர்ஸ் மிடில்டன் என்பார் அதனைச் செலுத்திப் பட்டம் பெற்று, பின்னர் அப்பொருளை மீட்கத் துணைவேந்தர் மன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பெண்ட்லி அம்மன்றத்தை மதித்திலர். துணைவேந்தர் அறிவின்றி நடந்தார் என இகழ்ந்தார் என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. 1718 அக்டோபரில் பல்கலைக்கழகம் அவர்தம் பட்டங்கள் அனைத்தையும் பறித்தது. ஆனால், பறிக்குமுன் அவரை அழைத்து விளக்கம் கேட்டிலது.

பெண்ட்லி இலண்டனில் மன்னர் பெயரால் இயங்கிய உயர்நீதிமன்றத்தில் முறையிட்டார். 1723-இல் நீதிபதிகள் பல்கலைக்கழகத்தின் செயல் முறையன்று என முடிவு செய்தனர். ஆதாமின் குற்றத்தை அறிந்திருந்தும் இறைவன் அவனை அழைத்து வினவிய பின்னரே தண்டித்தான் என்று நீதிபதி ஃபோர்டெஸ்கியூ எடுத்துக்காட்டினார். 1724 மார்ச்சில் பட்டங்கள் மீண்டன.

இத்தீர்ப்பின் எல்லை நோக்கத்தக்கது. பெண்ட்லியின் நடத்தை நன்று என மன்றம் கூறிற்றில்லை. கேளாது தண்டித்தல் தவறு என்றே கூறிற்று. பெரியார்க்கு மட்டுமன்றி மாணவர்க்கும் இந்நெறி உரியது. 1954-இல் தேர்வெழுதிய உத்தரப் பிரதேச மாணவர் மூவரின் தேர்ச்சியை, அவர்களை வினவாமலே கல்வி வாரியம் நீக்கியது. அச்செயல் செல்லாது என 1962-இல் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும், ஒழுக்கக் குற்றம் வேறு. புலமைக் குறைபாடு வேறு. மிசௌரிப் பல்கலைக்கழகம் மருத்துவ மாணவி ஒருவரைப் பயிற்சிக் குறைபாடு கருதி நீக்கியது. மருத்துவர் எழுவர் அவரைத் தனித்தனியே மதிப்பிட்ட பின்னரே அம்முடிவு உறுதியாயிற்று. அதற்கு முறையான விசாரணை வேண்டுவதில்லை என 1978-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கூறிற்று. இங்கிலாந்தில் மாணவர் குறைகேட்கத் தனி அமைப்புக்கு வழிவகுத்த 2004-ஆம் ஆண்டுச் சட்டமும், புலமை மதிப்பீட்டை அவ்வமைப்பின் ஆய்வுக்கு உட்படுத்தவில்லை.

இவற்றால் போதருவது யாதெனின், முறையீடு தேர்வாளரின் புலமைத் தீர்ப்பை மாற்றும் கருவியன்று. அத்தீர்ப்புக்கு வந்த வழி நேரியதா எனக் காணும் அளவுகோல் என்பதாம். ஆராய்ச்சி மாணவர் இவ்வேறுபாட்டை உணர்ந்தே முறையிடல் வேண்டும்; பல்கலைக்கழகமும், மதிப்பீடு தன்னுரிமை என்பதைக் காட்டிக் கேட்கும் கடமையைத் தட்டிக் கழித்தல் ஆகாது. ஆராயாது அளித்த தீர்ப்பின் கேட்டினைச் சிலப்பதிகாரத்தில் பயின்ற நமக்கு இவ்வுண்மை புதிதன்று.