நிறை, எடை வேறுபாடு

நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவாகும். எடை என்பது அப்பொருளின் மீது செயல்படும் புவியீர்ப்பு விசையாகும். மெட்ரிக் முறையில் நிறையின் அலகு கிலோகிராம். எடையின் அலகு நியூட்டன். அன்றாட வழக்கில் இரண்டும் எடை என்றே அழைக்கப்படுகின்றன. எனினும், கடையில் கிலோ கணக்கில் வாங்கப்படுவது நிறையே ஆகும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை, எடை எனப்படுபவை இலங்கைப் பாடநூல்களில் முறையே திணிவு, நிறை எனப்படுகின்றன. ஆகவே 'நிறை' என்னும் சொல்லைப் படிக்கும்போது கவனம் தேவை.

தொடர்பு

எடை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம்

இம்முடுக்கம் இடத்திற்கு இடம் மாறுபடும். தேனி மாவட்டம் அமைந்துள்ள ஏறத்தாழ 10° வட அகலக்கோட்டில் இதன் மதிப்பு சுமார் 9.78 மீ/வி²; துருவங்களில் 9.83 மீ/வி². எனவே 1 கி.கி. ஏலக்காயின் எடை தேனியில் 9.78 நியூட்டன், துருவத்தில் 9.83 நியூட்டன், நிலவில் சுமார் 1.6 நியூட்டன். நிறை மூன்று இடங்களிலும் 1 கி.கி. மட்டுமே.

ஏலக்காய் வணிகத்தில்

கேரளத்தின் இடுக்கி மலைப்பகுதியில் விளையும் ஏலக்காய்க்குத் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் முக்கியச் சந்தையாகும். இந்திய நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கு நடைபெறுகிறது. விலை கிலோகிராமுக்கு இவ்வளவு எனக் கூறப்படுகிறது. காயின் பருமன் மில்லிமீட்டரில் தரம் பிரிக்கப்படுகிறது. ஒரு லிட்டர் கலத்தில் கொள்ளும் காயின் கிராம் அளவு 'லிட்டர் எடை' எனப்படும். பெயர் எவ்வாறாயினும் இதுவும் நிறையே.

ஏறத்தாழ 4 முதல் 5 கி.கி. பச்சைக்காயை உலர்த்தினால் 1 கி.கி. உலர்காய் கிடைக்கும். நீர் வெளியேறுவதால் இங்கு நிறையே குறைகிறது. மாறாக, உலர்ந்த காயை மலையிலிருந்து சமவெளிக்கு இறக்கும்போது நிறை மாறுவதில்லை. எடை மட்டும் மிகச் சிறிதளவு கூடுகிறது.

தராசுகள்

இருதட்டுத் தராசு பொருளை எடைக்கல்லுடன் ஒப்பிடுகிறது. ஈர்ப்பு இரு தட்டுகளிலும் சமமாக மாறுவதால், மலையிலும் சமவெளியிலும் ஒரே அளவையே காட்டும். சுருள்வில் தராசும் மின்னணுத் தராசும் விசையை உணர்ந்து, அதைக் கிலோகிராமாக மாற்றிக் காட்டுகின்றன. மலையில் சரிசெய்யப்பட்ட மின்னணுத் தராசு, 1000 மீட்டர் கீழே 50 கி.கி. மூட்டைக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் கூடுதலாகக் காட்டக்கூடும். எனவே இத்தகைய தராசைப் பயன்படுத்தும் இடத்திலேயே, நிறை அறிந்த எடைக்கல்லைக் கொண்டு சரிசெய்தல் வேண்டும்.

சட்டமும் வரையறையும்

பலம், வீசை, மணங்கு முதலிய பழைய அளவைகளுக்குப் பதிலாக, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் செயல்பாட்டில் உள்ளது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையினர் வணிகத் தராசுகளைச் சோதித்து முத்திரையிடுகின்றனர். 2019 மே 20 முதல் கிலோகிராம், உலோக உருளையைக் கொண்டன்றி, பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது.