பூனை சொறிஞ்சுகிட்டே இருக்கா? தெள்ளுப்பூச்சியை இயற்கையா விரட்ட என்ன செய்யலாம்?

சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து வீவக வீடுகளில் பூனை வளர்க்கலாம். ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை அனுமதி உண்டு.

பூனையோ நாயோ, செல்லப்பிராணி வீட்டுக்கு வந்தால் அழையா விருந்தாளியாகத் தெள்ளுப்பூச்சியும் வந்துவிடலாம். "மருந்தெல்லாம் வேணாம், இயற்கையா ஏதாவது செஞ்சா போதும்" என்று பலர் நினைப்பதுண்டு.

இயற்கை வழிகள் உதவும். ஆனால் எல்லாமே அல்ல. சில செல்லப்பிராணியின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

தெள்ளுப்பூச்சியா, உண்ணியா?

இரண்டும் வேறு வேறு. உண்ணி தோலைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும். தெள்ளுப்பூச்சி முடிக்குள் வேகமாக ஓடும், தாவிக் குதிக்கும்.

சந்தேகமா? ஒரு வெள்ளை டிஷ்யூவை நனைத்துக்கொள்ளுங்கள். சீவும்போது முடியிலிருந்து விழும் கறுப்புத் துகள்களை அதில் வையுங்கள். செம்பழுப்பு நிறத்தில் கரைந்தால், அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. அந்த நிறத்துக்குக் காரணம், அது குடித்த ரத்தம்.

பூனை வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லையே?

வாய்ட் டெக்கிலோ நடைபாதையிலோ இருக்கும் பூச்சி உங்கள் உடையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரலாம். வெளியே நடைக்குப் போய்வரும் நாயும் கொண்டுவரலாம்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பூனையின் உடம்பில் நாம் பார்ப்பது வளர்ந்த பூச்சிகளை மட்டும்தான். பெண் பூச்சி ஒரு நாளில் 40க்கும் அதிகமான முட்டைகள்கூட இடும். அவை முடியில் ஒட்டாமல், பூனை படுக்கும் இடமெல்லாம் உதிரும்.

முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்கு வெளிச்சம் பிடிக்காது. சோபா இடுக்கு, மிதியடி, கட்டிலுக்கு அடியில் என்று ஒளிந்துகொள்ளும். பிறகு கூட்டுப்புழுவாகிப் பல வாரங்கள், சிலநேரம் மாதக்கணக்கில்கூட, அப்படியே காத்திருக்கும்.

குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் பூச்சி குறையும். நமக்கு ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும்தான். முட்டை பூச்சியாக மாறச் சுமார் மூன்று வாரம் போதும்.

அதனால் பூனையை மட்டும் கவனித்தால் போதாது. வீட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்யவேண்டும்.

உண்மையிலேயே உதவும் வழிகள்

• சீப்பு: நெருக்கமான பற்கள் உள்ள தெள்ளுச் சீப்பால் தினமும் சீவுங்கள். கழுத்து, வால் தொடங்கும் இடம், வயிறு ஆகிய பகுதிகளை விட்டுவிடாதீர்கள். சிக்கும் பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும்.

• குளியல்: செல்லப்பிராணிகளுக்கான ஷாம்பூ போதும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போடுங்கள். இல்லையென்றால் பூச்சிகள் முகத்துக்கு ஓடிவிடும். குளிக்கப் பயப்படும் பூனையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். சீப்பே போதும்.

• துணிகள்: படுக்கை விரிப்பு, மெத்தை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் சுடுநீரில் துவையுங்கள்.

• வேக்குவம்: சோபா இடுக்கு, மிதியடி, தரையோரங்களை அடிக்கடி உறிஞ்சி எடுங்கள். குப்பையை உடனே பையில் கட்டி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

பூச்சி போய்விட்டது என்று ஒரே வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். கூட்டுப்புழுக்கள் மிச்சம் இருக்கும். மூன்று மாதம் வரைகூடத் தொடரவேண்டியிருக்கலாம்.

இதெல்லாம் வேண்டாம்

• வாசனை எண்ணெய்கள்: டீ ட்ரீ, யூகலிப்டஸ், லவங்கம், எலுமிச்சை வகை எண்ணெய்களைத் தடவாதீர்கள். அவற்றில் உள்ள பல பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. தடவியதை அது நக்கி விழுங்கியும்விடும். நாய்களுக்கும் டீ ட்ரீ எண்ணெய் நச்சுதான்.

• வேப்பெண்ணெய்: லிட்டில் இந்தியாவில் சுலபமாகக் கிடைக்கும். வேம்புக்குப் பூச்சிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் தன்மை இருப்பது உண்மைதான். ஆனால் சுத்தமான எண்ணெயைப் பூனைமேல் நேரடியாகத் தடவினால் எச்சில் ஒழுகல், வாந்தி, நடுக்கம் ஏற்படலாம்.

• பூண்டு, வெங்காயம்: உணவில் கலந்து கொடுத்தால் பூச்சி அண்டாது என்பது பழைய நம்பிக்கை. இரண்டுமே நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

• கற்பூரம், அந்துருண்டை: இரண்டும் நச்சு. படுக்கைக்கு அருகில்கூட வைக்காதீர்கள்.

• நாய்க்கான மருந்து: சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

ஏற்கெனவே எண்ணெய் தடவிவிட்டீர்களா? பூனையை நக்கவிடாமல் தடுத்து, உடனே விலங்கு மருத்துவரை அழையுங்கள். வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போகணும்?

ஈறு வெளுத்திருந்தால், பூனை சோர்ந்து கிடந்தால், முடி கொத்தாக உதிர்ந்து புண் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். குட்டிகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. நிறையப் பூச்சிகள் ரத்தம் குடித்தால் ரத்தசோகை வந்து உயிரே போகலாம்.

சில பிராணிகளுக்குத் தெள்ளுப்பூச்சியின் எச்சிலே ஒவ்வாமை. ஒருசில கடிகூட அரிப்பைக் கிளப்பிவிடும். உடம்பை நக்கும்போது பூச்சியை விழுங்கினால் நாடாப்புழுவும் தொற்றலாம்.

சீப்பு, வேக்குவம், துவைத்தல் எல்லாம் செய்தும் பூச்சி குறையவில்லையா? எடைக்கும் வயதுக்கும் ஏற்ற மருந்தை மருத்துவர் தருவார். வீட்டில் வேறு நாய், பூனை இருந்தால், அவற்றுக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றை விட்டுவிட்டாலும் பூச்சி மறுபடி பரவிவிடும்.