ஒளியியக்க மருத்துவம் (வெயில் பாதித்த தோலுக்கு)

ஒளி பட்டால் மட்டுமே வேலை செய்யும் மருந்தொன்றைத் தோலில் பூசி, அதன்மேல் குறிப்பிட்ட நிற ஒளியைப் பாய்ச்சிக் கெட்டுப்போன செல்களை அழிக்கும் முறை ஒளியியக்க மருத்துவம். தோல் மருத்துவத்தில் இது பெரிதும் பயன்படுவது ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்னும் வெயில் பாதிப்புக்கு. பல்லாண்டு வெயில் பட்ட நெற்றி, வழுக்கைத் தலை, காது மடல், புறங்கை ஆகிய இடங்களில் உப்புத்தாள்போலச் சொரசொரக்கும் சிறு செதில் திட்டுகளாக இது தோன்றும். கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தட்டுப்படுவதும் உண்டு. வெயில் தோலைக் கெடுப்பது நெடுநாளாகத் தெரிந்ததே: ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பவுல் உன்னா, கடலோடிகளின் வெயில் தின்ற தோலைப் பற்றி 1894-இல் எழுதினார்.

வெளிர் நிறத் தோலினரையே ஆக்டினிக் கெரட்டோசிஸ் பெரும்பாலும் தாக்குகிறது. ஆஸ்திரேலியாவில் 40 வயதைக் கடந்தோரில் 40 முதல் 60 விழுக்காட்டினருக்கு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மெலனின் மிகுந்த நம்மவர் தோலில் அரிது; பிறவியிலேயே நிறமி குன்றியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. சில திட்டுகள் தாமே மறையும், மிகச் சில செதிற்செல் புற்றாக மாறும். எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் எல்லாவற்றுக்கும் சிகிச்சை தரப்படுகிறது.

வரலாறு

இம்முறையின் வரலாற்றைக் கார்போகரிசியிலிருந்து தொடங்குவோர் உண்டு. அந்த விதையை அரைத்துப் பூசி வெண்புள்ளிக்கு வெயில் காட்டுவது இந்தியாவின் பழைய வைத்தியம். ஆனால் அதிலுள்ள சோரலென், புற ஊதாக் கதிர் பட்டதும் நேரே டி.என்.ஏ.வைப் பிடித்துப் பிணைக்கிறது. ஒளியியக்க மருத்துவத்துக்கு இன்றியமையாத ஆக்சிஜன் அதற்கு முக்கியமில்லை. ஆகவே அது வேறு மரபு. தோல் காசநோய்க்கு ஒளி பாய்ச்சி 1903-இல் நோபல் பரிசு பெற்ற டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனும் இந்த வரிசையில் சேரமாட்டார். அவர் மருந்து எதையும் பூசவில்லை.

உண்மையான தொடக்கம் மியூனிக் நகரில். மருந்தியல் பேராசிரியர் ஹெர்மன் ஃபான் டப்பைனரிடம் படித்துக்கொண்டிருந்த ஆஸ்கர் ராப் என்ற மாணவருக்கு 1897-98 குளிர்காலத்தில் ஒரு வேலை தரப்பட்டது. அக்ரிடின் சாயம் பரமீசியம் என்ற ஒருசெல் உயிரியை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே அளவு சாயம், ஒரே உயிரி. ஆனால் சாகும் நேரம் மட்டும் நாளுக்கு நாள் மாறியது. இடிமழை பெய்து வானம் இருண்டிருந்த நாளில் அவை நெடுநேரம் உயிரோடிருந்தன. வெளிச்சம்தான் காரணமோ என்று ஐயுற்ற ராப், சாயத்தை இருட்டில் வைத்துப் பார்த்தார், சாயமில்லாமல் ஒளியை மட்டும் காட்டிப் பார்த்தார், பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். இரண்டும் சேர்ந்தபோதே உயிரிகள் விரைந்து மடிந்தன. 1900-இல் இம்முடிவு அச்சேறியது. அதே ஆண்டில் பிரான்ஸில், காக்காய் வலிப்புக்கு ஈயோசின் சாயம் உட்கொண்ட நோயாளிகளுக்கு வெயில் பட்ட இடங்களில் தோல் அழன்றதாகச் செய்தி வந்தது.

இவ்விரு செய்திகளையும் டப்பைனர் பயன்படுத்திக்கொண்டார். 1903-இல் தோல் மருத்துவர் யெசியோனெக்குடன் சேர்ந்து, தோல் கட்டிகளில் ஈயோசின் பூசி ஒளி காட்டினார். மறு ஆண்டு யோடில்பவுருடன் செய்த ஆய்வில் ஆக்சிஜன் இல்லாமல் இவ்விளைவு நிகழாது என்று கண்டார். ஒளியியக்கம் என்ற பெயரைச் சூட்டியதும் இவர்களே. சாயம், ஒளி, ஆக்சிஜன் என்ற மூன்றும் 1904-லேயே கையில் இருந்தன. தோலுக்கு ஏற்ற மருந்துதான் இல்லை.

1912-இல் ஃப்ரீட்ரிஹ் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 200 மில்லிகிராம் ஹெமட்டோபோர்பிரின் என்ற போர்பிரின் வகைச் சாயத்தைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலில் போனார். முகமும் கைகளும் வீங்கின. ஒளி பட்டால் வலிக்கும் நிலை வாரக்கணக்கில் நீடித்தது. இந்தத் தொல்லை பின்னாளிலும் விடவில்லை. அமெரிக்காவின் பஃபலோ நகர ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் தாமஸ் டோஹர்ட்டி, போர்பிரின் ஊசியும் சிவப்பு ஒளியும் கொண்டு 25 நோயாளிகளின் 113 கட்டிகளில் 111-ஐ முழுமையாகவோ ஓரளவோ சுருக்கியதாக 1978-இல் அறிவித்தார். அந்நோயாளிகளும் பல வாரம் வெயிலுக்கு ஒளிய வேண்டியிருந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தது கனடாவின் கிங்ஸ்டன் நகரம். ஜேம்ஸ் கென்னடியும் ராய் பாட்டியரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் போர்பிரின் ஊசியையே கைவிட்டு, உடல் போர்பிரினைச் செய்துகொள்ளும் மூலப்பொருளான அமினோலெவுலினிக் அமிலத்தைத் தோலில் பூசினார்கள்.

செயல்முறை

இரத்தத்தின் ஹீம் உருவாகும் பாதையில் முதற்படி அந்த அமிலம். வெளியிலிருந்து அதிகமாகக் கிடைத்தால், ஹீமுக்கு முந்தைய படியான புரோட்டோபோர்பிரின் செல்லுக்குள் தேங்கிவிடும். வெயிலில் கெட்ட செல்களில் இது மிகுதியாகத் தேங்குகிறது. செதில் படிந்து பழுதான மேல்தோல் மருந்தை எளிதில் உள்ளே விடுவதும் ஒரு காரணம். ஒளி பட்டதும் புரோட்டோபோர்பிரின் தன் ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கடத்தி, செல்லைக் கொல்லும் ஒற்றை நிலை ஆக்சிஜனை உண்டாக்குகிறது. அது பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போகுமுன் தீர்ந்துவிடும். நீல ஒளியை இச்சேர்மம் நன்றாக உறிஞ்சும். சிவப்பு ஒளி ஆழமாக இறங்கும்.

முதலில் செதிலை மெல்லச் சுரண்டி எடுப்பார்கள். களிம்பைத் தடவி, வெளிச்சம் படாமல் மூடி, அந்த அமிலத்தின் மாற்று வடிவமான மெதில் அமினோலெவுலினேட் என்றால் 3 மணி நேரம் காத்திருந்து சிவப்பு விளக்கின்கீழ் அமர்த்துவார்கள். அமெரிக்கா 1999-இல் ஒப்புதல் தந்த முறையில் அமினோலெவுலினிக் அமிலம் 14 முதல் 18 மணி நேரம் ஊறும். பிறகு நீல ஒளி 16 நிமிடம் 40 வினாடி. விளக்கு எரிந்த சில நிமிடங்களில் கடுமையான எரிச்சல் கிளம்பும். விசிறி வைத்தும் குளிர்ந்த நீர் தெளித்தும் சமாளிப்பது வழக்கம். சிலர் பாதியில் நிறுத்தச் சொல்வார்கள். மறுநாள் தோல் சிவந்து வீங்கி, பொருக்குத் தட்டி, ஓரிரு வாரத்தில் தழும்பின்றி ஆறும். போர்பிரியா நோயுள்ளவர்களுக்கு இது கூடாது.

இன்றைய நிலை

விளக்குக்குப் பதில் பகல் வெளிச்சத்தையே பயன்படுத்தும் முறையைக் கோபன்ஹேகன் மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்டனர். களிம்பு பூசி 2 மணி நேரம் வெளியில் இருந்தால் போதும், வலி மிகக் குறைவு. 624 பேரைக் கொண்டு நெதர்லாந்தில் நடந்து 2019-இல் வெளியான ஒப்பாய்வில், ஓராண்டுக்குப் பின் ஃபுளோரோயுராசில் என்ற மருந்துக் களிம்பு 74.7 விழுக்காட்டினருக்கும் ஒளியியக்க மருத்துவம் 37.7 விழுக்காட்டினருக்கும் பலன் தந்தன. ஆனால் அக்களிம்பை நோயாளியே 4 வாரம் நாளுக்கு இருமுறை பூசிவர வேண்டும்.