பச்சைத் தண்ணியும் பச்சைக் கூலன்ட்டும்



கரும்பு லோடும் தேங்காய் லோடும் ஓடுற சித்திரை, வைகாசியில எங்க பக்கத்து லாரிக்காரங்க வாயில ஒரே பேச்சுதான்: "வண்டி ஹீட் ஏறுது." இதைத் தெரிஞ்சுக்கிட்டு ஸ்பேர்பார்ட்ஸ் கடைகள்ல சின்னச் சின்ன பாட்டில் வைக்கறாங்க. ரேடியேட்டர்ல ஊத்துனா சூடு மளமளன்னு இறங்கிடும்னு சொல்றாங்க. கடன் வாங்கி வண்டி ஓட்டறவங்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லைங்க. ஹெட் கேஸ்கட் போயி, ஹெட்டு வளைஞ்சுட்டா வேலை முடியற வரைக்கும் வண்டி நிக்கும், தவணை நிக்காது. அந்த பாட்டில்ல என்ன இருக்கு, அது எதுக்காக வந்துச்சுன்னு வரலாறைப் பாத்தாலே பாதி விடை கிடைச்சிடும்.

1886-ல ஜெர்மனியில கார்ல் பென்ஸ் செஞ்ச மூணு சக்கர வண்டியில ரேடியேட்டரே கிடையாது. என்ஜினைச் சுத்தி இருந்த தண்ணி கொதிச்சு ஆவியாப் போகும், குறையக் குறைய ஊத்தணும், அவ்வளவுதான். 1900 கடைசியில வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செஞ்சாரு. எட்டாயிரத்துச் சொச்சம் சின்னக் குழாய்களை அடுக்கி, அதுக்குள்ள காத்து புகுந்து போற மாதிரி வச்சதால கொஞ்சத் தண்ணியே போதும்னு ஆச்சு. அந்த 35 குதிரைசக்தி மெர்சிடிஸ் காருக்கு அப்புறம்தான் இன்னைக்கு நாம பாக்குற ரேடியேட்டர் வந்துச்சு. ஃபோர்டோட மாடல் டி வண்டிகள்ல பெரும்பாலும் வாட்டர் பம்பு கூட இல்லை. சூடான தண்ணி மேல ஏறும், ஆறுன தண்ணி கீழ இறங்கும், அந்த ஓட்டத்துலயே என்ஜின் ஆறும்.

நம்ம ஊர்ல நெனச்சுப் பாருங்க. கரண்டு வராத காலத்துல கிணத்து மேட்டுல ஓடுன ஆயில் என்ஜினுக்கு, இறைக்கிற தண்ணியிலயே ஒரு சின்னக் குழாய் பிரிச்சு விட்டிருப்பாங்க. என்ஜினைச் சுத்திட்டு வெளிய வர்ற வெதுவெதுப்பான தண்ணியில நாங்க குளிச்சிருக்கோம். அங்க கூலன்ட்டும் இல்லை, பாட்டிலும் இல்லை. கிணறுதான் ரேடியேட்டர்.

அப்புறம் எதுக்கு கூலன்ட் வந்துச்சு? குளிருக்காகத்தாங்க. தண்ணி உறைஞ்சா பருத்துப் போகும். பனி விழுற நாட்டுல ராத்திரி வெளிய நின்ன வண்டியோட என்ஜின் பிளாக் காலையில வெடிச்சிருக்கும். அதனால சாராயம், கிளிசரின், தேன்னு எதை எதையோ கலந்து பாத்தாங்க. சாராயம் சூட்டுல ஆவியாப் போயிடும், தேன் அடைச்சுக்கும். எத்திலீன் கிளைக்காலுங்கிற திரவத்தை பிரெஞ்சு வேதியியலாளர் வுர்ட்ஸ் 1850-களிலேயே செஞ்சு காமிச்சிருந்தாரு. ஆனா முதல் உலகப் போர்ல வெடிமருந்து வேலைக்குத் தேவைப்பட்ட பிறகுதான் அது தொழிற்சாலையில தயாராக ஆரம்பிச்சுது. 1927-ல அமெரிக்காவுல பிரஸ்டோன்ங்கிற பேர்ல வண்டிக்குன்னே விற்பனைக்கு வந்துச்சு.

அடுத்து அதைக் கையில எடுத்தவங்க விமானக்காரங்க. இங்கதான் கவனிக்கணும். தண்ணி 100 டிகிரியில கொதிக்கும், கிளைக்கால் 197 டிகிரி வரைக்கும் தாங்கும். அதனால என்ஜினை இன்னும் அதிகச் சூட்டுல ஓட்டலாம், ரேடியேட்டரைச் சின்னதாக்கலாம், காத்துத் தடை குறையும்னு கணக்குப் போட்டாங்க. ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் என்ஜின்ல முதல்ல சுத்தமான கிளைக்காலையே ஊத்துனாங்க. பிறகு தண்ணியே அதிகமா இருக்கிற மாதிரி, 100-க்கு 70 தண்ணி, 30 கிளைக்கால்னு கலந்து, அழுத்தம் குடுத்து மூடி ஓட்டுனாங்க. ஏன்னா சூட்டைச் சுமக்கறதுல தண்ணியை அடிச்சுக்க ஆள் இல்லை. ஒரு கிலோ தண்ணி ஒரு டிகிரி ஏற சுமார் 4.2 கிலோஜூல் வாங்கிக்கும். பாதிக்குப் பாதி கலவை சுமார் 3.5 தான் வாங்கும். ஆக, கூலன்ட் சூட்டைக் குறைக்க வந்த சரக்கே இல்லைங்க. குளிர்ல உறையாம இருக்கவும், சூட்டுல கொதிக்காம இருக்கவும் வந்தது.

அப்படின்னா நம்ம லாரிக்கு வெறும் பச்சைத் தண்ணி போதுமான்னு கேப்பீங்க. போதாது. டீசல் என்ஜின்ல பிஸ்டன் அடிக்கிற அடியில லைனர் நடுங்கும். அந்த நடுக்கத்துல லைனரோட வெளிப்பக்கம் தண்ணியில குட்டிக் குட்டிக் குமிழி வந்து உடையும். ஒவ்வொரு உடைப்பும் ஊசி குத்துற மாதிரி இரும்பைக் கொறிக்கும். கடைசியில ஓட்டை விழுந்து தண்ணி ஆயில்ல கலந்துடும். இதைத் தடுக்கத்தான் லாரி கூலன்ட்ல நைட்ரைட் மாதிரியான மருந்துகளைச் சேர்த்தாங்க. துருவைத் தடுக்கிற வேலையும் அதுக்குள்ளயே இருக்கு.

இன்னொண்ணு உப்பு. போர்த் தண்ணி கொதிச்ச பாத்திரத்துல வெள்ளையாப் படியுது பாருங்க, அதேதான் என்ஜினுக்குள்ளயும் படியும். அந்தப் படிவு கம்பளி போத்துன மாதிரி, சூட்டை வெளிய விடாது. அதுக்கு மேல எந்த பாட்டிலை ஊத்துனாலும் கம்பளிக்கு மேல தண்ணி தெளிச்ச கதைதான்.

சூடு குறைக்கும்னு விக்கிற பாட்டில்கள்ல பல, சோப்பு மாதிரி தண்ணியோட பரப்பு இழுவிசையைக் குறைக்கிற சரக்குதான். அதை முழுப் பொய்னு சொல்ல மாட்டேன். தண்ணி உலோகத்துல நல்லா ஒட்டும், ரொம்பச் சூடான இடத்துல ஆவி தங்காது. பந்தய வண்டிகளுக்கு இது தோதுப்படும். கிளைக்கால் கொட்டினா தரை வழுக்கும்னு பல பந்தயக் களங்கள்ல அதுக்குத் தடை. அதனால அங்க வெறும் தண்ணியில இதைக் கலப்பாங்க. கூலன்ட் கலந்த லாரியில பலன் அதைவிடக் குறைச்சல்தான். அடைஞ்ச ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், தேஞ்ச வாட்டர் பம்பு, லீக் ஆகுற மூடி இதுக்கெல்லாம் அது மருந்து ஆகாது.

தெர்மோஸ்டாட் வால்வு சுமார் 80 டிகிரியில திறக்கிற மாதிரிதான் வச்சிருக்காங்க. அதுக்குக் கீழ என்ஜின் ஓடக் கூடாதுங்கிறதுதான் அதோட கணக்கு. சில பட்டறையில அதைக் கழட்டி வீசிடறாங்க. சூடு ஏறாத டீசல் என்ஜின் எண்ணெய் அதிகம் குடிக்கும், லைனரும் சீக்கிரம் தேயும்.

அதனால நான் சொல்றது இதுதாங்க. திம்பம் மாதிரி 27 கொண்டை ஊசி வளைவு ஏறுற வண்டின்னா, ரேடியேட்டரை வெளிய அடைஞ்ச தூசி, வைக்கோல் போக முதல்ல கழுவுங்க. பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்ல, வண்டிக் கம்பெனி சொன்ன கூலன்ட்டை, சொன்ன அளவுல கலங்க. மிச்சக் காசு பையில இருக்கட்டும்.

கடைசியா ஒண்ணு. வடிச்ச பழைய கூலன்ட்டைக் களத்துல, வாய்க்கால் ஓரத்துல கொட்டாதீங்க. கிளைக்கால் இனிக்கும். கன்னுக்குட்டியோ நாயோ நக்குனா கிட்னி போயி செத்துப் போகும். கேன்ல ஊத்தி மூடி, கொழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க.