கருப்பனின் குதிரையும் போத்துராசாவின் கையும்

1997இல் சன் டிவியில் ‘விடாது கருப்பு’ ஓடியபோது, செஞ்சியில் எங்கள் தெருவுக்கே ஒரு பெட்டிதான். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொடரின் கதை அது. இருட்டில் குதிரைக் குளம்படி கேட்கும், அரிவாளோடு கருப்புசாமி வருவார், குற்றவாளி பிணமாவான். நாங்கள் போர்வைக்குள் ஒடுங்குவோம். பாட்டி மட்டும் அசையமாட்டாள்.

அவள் மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. நாள்கணக்கில் நீளும் அதுவும் தொடர்தானே! எங்கள் ஊர்க் கதைப்படி, செஞ்சியை ஆண்ட சுனீதனுக்காகப் பாஞ்சாலி மறுபடியும் தீயில் பிறந்து வந்து, நூறு தலை அசுரனை அழித்தாள். கடைசித் தலையைத் தரையில் போடுகிறவன் செத்துவிடுவான். அதனால்தான் அம்மனின் காவல் தெய்வமான போத்துராசா அதை இன்றைக்கும் கையிலேயே ஏந்தி நிற்கிறார். திருவிழாவில் துரியோதனன் மாளும் படுகளத்தன்று, மண்ணில் மல்லாந்து கிடக்கும் அவனுடைய பிரமாண்ட உருவத்தை யாரும் வெறும் மண் என்று பார்ப்பதில்லை, பெண்கள் அழுவார்கள்.

தொடரின் முடிவில் கருப்பு என்பது நாயகனின் மனப்பிளவு என்று தெரிந்தது. “சாமிக்கு ஏதுடா நோவு?” என்று பாட்டி எழுந்து போய்விட்டாள். எனக்கும் அந்த விளக்கத்தைவிடக் குளம்படிதான் பிடித்திருந்தது. கூத்து எதையும் விளக்குவதில்லை. விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு, டீ குடிக்கப் போகிறது.