தாயகம் நீங்கிய மின்னல்

போலந்தின் கிடினியா துறைமுகத்தில் இன்று அருங்காட்சியகமாக நிற்கும் நாசகாரிக் கப்பலின் பெயர் பிவிஸ்கவித்சா. போலிய மொழியில் அதற்கு மின்னல் என்று பொருள். அதன் இணைக்கப்பல் குரோம், அதாவது இடி. அவ்விரண்டுக்கும் மூத்தவை விஹெர் என்னும் சூறைக்காற்றும் பூஷா என்னும் புயலும். 1939இல் போலந்திடம் இருந்த நாசகாரிகள் இந்நான்கு மட்டுமே.

போர் மூள்வதற்கு இரண்டு நாள் முன்னர், ஆகஸ்ட் 30 அன்று, விஹெர் நீங்கலாக மற்ற மூன்றும் மேலிட ஆணைப்படி பிரிட்டனுக்குப் புறப்பட்டன. பகைவன் வாசலில் நிற்கையில் வீட்டைவிட்டுச் செல்வது வீரமாகுமா என்று கேட்கத் தோன்றும். தங்கிய விஹெர், செப்டம்பர் 3 அன்று ஹெல் தீபகற்பத்தில் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் மூழ்கியது. சென்றவையும் பாதுகாப்பைத் தேடி ஒதுங்கிவிடவில்லை. 1940 மே 4 அன்று நார்வேயின் நார்விக் அருகே குரோம் வீழ்ந்தது.

சரியாக ஈராண்டு கழித்து, 1942 மே 4 இரவு, பிவிஸ்கவித்சா பழுதுபார்ப்புக்காக வைட் தீவின் கவ்ஸ் நகரில் நின்றது. அதைக் கட்டிய ஜே. சாமுவேல் ஒயிட் தளமும் அங்கேதான் இருந்தது. பழுதுபார்க்கும் காலத்தில் வெடிபொருள்களை இறக்கிவிடுவதே வழக்கம். கப்பல் தலைவர் வோய்ச்சியெக் ஃபிரான்த்ஸ்கியோ அவற்றைக் கப்பலிலேயே இருக்கச் செய்திருந்தார். முந்தைய ஆண்டில்தான் அதன் பழைய பீரங்கிகள் மாற்றப்பட்டு, விமானங்களையும் சுடவல்ல 4 அங்குலப் பீரங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன.

ஏறத்தாழ 160 விமானங்கள் அன்றிரவு தாக்கின. மாலுமிகள் புகைத்திரை எழுப்பி நகரை மறைத்தனர். கொதித்த பீரங்கிக் குழல்களை நீரூற்றித் தணித்தபடியே சுட்டனர். குண்டுகள் குறைந்தபோது போர்ட்ஸ்மத்திலிருந்து வருவித்தனர். சுமார் 70 பேர் மாண்டனர். விமானங்கள் தாழப் பறக்க இயலாததால் அழிவு அந்த அளவோடு நின்றது. பிறந்த ஊருக்குக் கப்பல் தன் கடனைச் செலுத்திவிட்டது எனலாம்.

1947இல் கப்பல் போலந்து திரும்பியது. ஆட்சி மாறிய அந்நாட்டுக்குக் கடற்படையினர் பலர் திரும்பவில்லை. பூஷாவுக்குப் பதிலாக 1976இல் அது அருங்காட்சியகமாயிற்று.

நிலம் முழுவதும் பிறர் வசமான ஆண்டுகளில், போலந்தின் கொடி இறங்காதிருந்த இடங்களுள் ஒன்று இக்கப்பலின் மேல்தளம். போர் நினைவுச்சின்னங்கள் பெரும்பாலும் எதிர்த்து நின்றதைப் போற்றுகின்றன. உரிய காலத்தில் புறப்பட்டதும் போற்றத்தக்கதே என்பதற்குக் கிடினியாவில் நிற்கும் இம்மின்னல் சான்று.